குத்தூஸ் பாயைப் பற்றிய பதினொரு வரிகள்

சூலூரில் விமானப்படைக்காரர் ஒருவருக்குப் பதவி உயர்வு வந்தால், அவர் மனைவிக்குத் தெரிவதற்கு முன்பே அப்துல் குத்தூஸுக்குத் தெரிந்துவிடும். புதுப் பட்டையைச் சட்டைக்கையில் வைத்துத் தைக்க அவரிடம்தான் வர வேண்டும். இரண்டு பட்டை மூன்று பட்டையாவது, ஒருவருக்கு வடக்கே மாற்றல் வருவது, இன்னொருவருக்குத் தொப்பை வைத்து பேண்ட் இடுப்பை விரிக்க வேண்டியிருப்பது எல்லாமே அவர் மேஜைக்கு வந்துதான் போகும். ஒன்றையும் வெளியே விட மாட்டார். நானும் விதவிதமாகத் தூண்டில் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

"யாருக்குங்க பாய் பிரமோஷன்?"

"எனக்கு அளவுதானுங்க வாத்தியாரே தெரியும். ஆளுகளப் பத்தி எனக்கென்னங்க தெரியும்?"

வாத்தியார் என்பது நான். பெயர் சென்னகேசவன். சூலூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருக்கிறேன். அதோடு கோயமுத்தூரிலிருந்து வரும் ஒரு மாலைப் பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபர். பத்திரிகையின் பெயரை எழுதப் போவதில்லை. பழியை அதன் தலையில் போட்டுவிட்டு நான் நழுவிக்கொள்வேன் என்ற பயம்தான் காரணம். என்னை எனக்குத் தெரியும்.

குத்தூஸ் பாயின் கதையைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் அவரைப் பற்றி நான் ஏற்கெனவே ஒரு தடவை எழுதியிருக்கிறேன். பதினொரு வரி. பெயர் போடாமல். அதனால் இந்தத் தடவை பெயரோடும் ஊரோடும் எழுதுகிறேன்.

அவர் பிறந்தது கோயமுத்தூர் கோட்டைமேட்டில். எழுபத்து நான்கில், இருபத்திரண்டு வயதில், ஒரு பழைய தையல் மிஷினைப் பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு சூலூருக்கு வந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அரங்கசாமி அண்ணனின் ஏழு கடை வரிசையில் மூன்றாவது கடை. ஒரு மிஷின் மூன்றானது. பீகார்க்காரரும் பஞ்சாப்காரரும் சட்டை கொண்டுவந்து கொடுத்ததில் இந்தி படிந்துவிட்டது. கோட்டைமேட்டிலேயே பெண் எடுத்தார். சாஜிதா பேகம் பட்டன் கட்டுவதில் அவரைவிடக் கெட்டி. ஒரே மகள் நஸ்ரியா, ப்ளஸ் டூ முடித்துவிட்டு என்னிடம் டைப் ஹையர் படித்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வருஷத்தில் அவர் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பேண்ட்டை நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு நாலு நாள் இழுத்தடிப்பார். அவர் மேல் யாருக்காவது கோபம் வந்ததென்றால் அதற்குத்தான்.

தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் கோயமுத்தூரில் குண்டுகள் வெடித்தன. அதன் பிறகு பெரிய ஊரில் யார் யாரோடு வியாபாரம் செய்வது என்றெல்லாம் பேச்சு வந்தது. சூலூரில் அந்தப் பேச்சு குத்தூஸ் பாய் கடைப் படியைத் தாண்டவில்லை. "அவரு நம்ம பாயிங்க" என்று ஊர் விட்டுவிட்டது. அந்த வருஷத்துக் கலவரம் செய்யாததை அடுத்த வருஷம் நான் செய்தேன்.

தொண்ணூற்றொன்பது மே கடைசியில் கார்கிலில் விமானங்கள் பறக்க ஆரம்பித்ததும் பத்திரிகை விற்பனை ஏறியது. சாயங்காலம் நாலு மணிக்குக் கட்டு இறங்கினால் நாலரைக்கு ஒன்றுகூட மிஞ்சாது. பஸ் ஸ்டாண்டில் பேக்கரி வைத்திருக்கும் காளிச்சாமி தன் கடையில் மூன்று பேப்பர் வாங்கிப் போட்டார். தறி ஓட்டுகிறவர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் படிக்க எட்டுப் பேர் கேட்பார்கள். அத்தனை பேரும் மலை உச்சியை நேரில் பார்த்தது மாதிரிப் பேசினார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே புகைச்சல். இவ்வளவு பெரிய சண்டையில் என் வரி ஒன்றுகூட இல்லையே!

செய்தி ஆசிரியர் போனில் அதையே கேட்டார். "ஏனய்யா, ஊருக்குள்ள ஏர்ஃபோர்ஸை வெச்சுக்கிட்டு எனக்குக் குடிதண்ணிக் குழாய் நியூஸ் அனுப்பறயே, வெக்கமா இல்ல?"

அப்போது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. எதற்கு வெட்கப்பட வேண்டும் என்பதில்தான் கோளாறு.

ஜூன் இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காளிச்சாமி பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "நேத்து ஏர்ஃபோர்ஸ் காம்பவுண்டுகிட்ட ஒருத்தரு பையும் கையுமா நெம்ப நேரம் நின்னாருங்க. யாரோன்னு பாத்தா நம்ம குத்தூஸ் பாயோட மச்சானாட்டந் தெரியுது."

மச்சான் என்றால் ஷாஹுல், சாஜிதா பேகத்தின் அண்ணன். கோட்டைமேட்டில் நூல், பட்டன் வியாபாரம் செய்பவர். மாதம் ஒரு தடவை தங்கை கடைக்குச் சரக்குப் போட வருவார். குத்தூஸ் பாய்க்கு அந்த வாரம் முழங்கால் வீங்கிக் கிடந்ததால், தைத்த யூனிபாரம்களை எடுத்துக்கொண்டு ஷாஹுல் போயிருக்கிறார். வாங்க வேண்டியவர் டியூட்டி முடிந்து வெளியே வரும்வரை நிழலாகப் பார்த்து நின்றிருக்கிறார். இவ்வளவுதான் விஷயம். இதைத் தெரிந்துகொள்ள நான் ரோட்டைக் குறுக்கே தாண்டி மூன்றாவது கடையில் கேட்டிருந்தால் போதும்.

கேட்கவில்லை. கேட்டால் செய்தி செத்துப் போய்விடும் என்று எனக்குத் தெரியும். மறந்துவிட்டேன் என்றோ அவசரம் என்றோ சொல்லலாம்தான், பொய். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எதிரே குத்தூஸ் பாய் குனிந்து தைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். பிறகு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஃபாக்ஸ் அனுப்பினேன்.

விமானப்படைத் தளம் அருகே கையில் பையுடன் மர்ம வாலிபர் நடமாட்டம் என்று ஆரம்பித்தேன். ஷாஹுல் நாற்பதைத் தாண்டியவர், வழுக்கைத் தலை. பொதுமக்கள் விசாரித்தபோது முன்னுக்குப் பின் முரணாகப் பதிலளித்தார் என்று எழுதினேன். அவரை யாரும் விசாரிக்கவே இல்லை. ஆனால் மர்ம வாலிபர் என்று வந்துவிட்டால் அடுத்த வரியில் அவர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசியாக வேண்டும். எங்கள் தொழிலில் அது கை தானாக எழுதுகிற வரி. கடைசியில், அவர் ஊரில் டெய்லர் கடை வைத்திருக்கும் ஒருவரின் உறவினர் என்று கூறப்படுகிறது என்று முடித்தேன். அந்த ஒரு வரிதான் உண்மை. அதுதான் குத்தூஸ் பாயின் பிழைப்பைக் கொன்றது.

சாயங்காலம் கட்டோடு போஸ்டரும் வந்தது. "சூலூரில் உளவாளி?" கேள்விக்குறியை ஆசிரியர் போட்டிருந்தார். அது ரொம்பச் சின்னதாக இருந்தது. பெட்டிக்கடைகளில் அந்தப் போஸ்டர் தொங்குவதைப் பார்க்க ஊருக்குள் சைக்கிளில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஊர் வாயில் அந்தப் பை ஆறு மணிக்குக் கேமராவானது. எட்டு மணிக்கு வரைபடமானது. மறுநாள் காலையில், கோயமுத்தூரில் ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்று எனக்கே ஒருவர் வந்து சொன்னார். இரண்டு போலீஸ்காரர்கள் கடைக்கு வந்து ஷாஹுலின் விலாசம் வாங்கிக்கொண்டு, மரியாதையாக நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் போலீஸ் வந்ததை ஊர் பார்த்தது, ஒன்றும் கிடைக்காததை யார் பார்த்தார்கள்? அந்த வாரத்திலிருந்து மூன்று மிஷின்களில் இரண்டு உறை போட்டபடி இருந்தன. தைக்கக் கொடுத்த ரவிக்கைத் துணியைத் தைக்காமலேயே திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். நஸ்ரியா டைப் கிளாசுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

பிறகு அரங்கசாமி அண்ணன் வந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தறிக்குடோனும் கடை வரிசையும் வைத்திருப்பவர். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதில்தான் அவர் உயிர் இருக்கிறது. "பாய், ஆனி முடியறதுக்குள்ள கடைய ஒழிச்சுக் குடுத்துருங்க. ஆடி பொறந்துட்டா வேற ஆளு குடிவர மாட்டாங்க" என்றாராம். குத்தூஸ் பாய் கெஞ்சியிருக்கிறார். அதற்கு அவர் சொன்ன பதிலை பாயே என்னிடம் வந்து சொன்னார்.

இன்ஸ்டிடியூட்டில் ஆள் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்து வந்தார். முழங்கால் இன்னும் சரியாகவில்லை. பெஞ்சில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"வாத்தியாரே, பேப்பர்ல வந்த சங்கதி பேப்பர்லயேதான் போகோணுமுன்னு மொதலாளி சொல்றாருங்க. உங்களப் பத்தி நல்லதா ஒண்ணு வரட்டும், நான் நாலு பேத்துகிட்டக் காட்டிப் பேசிக்கறேன், கடை உங்களுதுதாங்கறாரு. நம்ம ஜமாத்துல பட்டாளத்துக்கு ரத்தங் குடுக்கலாமுன்னு இருக்கறமுங்க. ஞாயித்துக்கெழம ரத்த வங்கி வேன் வருது. நீங்க வந்து ஒரு போட்டோ எடுத்துப் போட்டீங்கன்னா…"

என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. பதினொரு வரிக்கு மேலே என் பெயர் இல்லை. "நமது நிருபர்" என்றுதான் இருந்தது. அவருக்குத் தெரியாது, தெரியாமலே சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன். "கவலைய உடுங்க பாய், பேப்பர்ல மூணு காலம் அகலத்துக்குப் போட வெக்கறேன்" என்று வீரமாகச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசலை ஒட்டிய ஹாலில் நாற்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். தறிக்குப் போகிறவர்கள், பழக்கடைக்காரர்கள், மெக்கானிக்குகள். எல்லாரும் வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. நான் யாஷிகா கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். ஆபீஸில் இந்தப் போட்டோவைப் பார்த்ததும் ஆசிரியர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அந்த மாதத்தில் அவருக்கு வேண்டிய படம் இது இல்லை. கேமராவை இறக்கினேன்.

"பாய், தொப்பிய எடுத்துட்டீங்கன்னா ஃபிளாஷ் நல்லா வுழுமுங்க. வெள்ள மேல வெள்ள பட்டா முகம் தெரியாது."

குத்தூஸ் பாய் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை அப்போது நான் சந்தேகம் என்று நினைத்தேன். பிறகு அவரே தன் தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "எல்லாரும் எடுத்துருங்க, போட்டோவுக்குத்தான்" என்றார். முஸ்தபா என்ற பெரியவர் மட்டும் தயங்கி நின்றார். பாய் அவரிடம் போய்க் காதில் என்னவோ சொல்லிவிட்டு, தன் இரண்டு கையையும் நீட்டி அந்தத் தொப்பியை வாங்கிக்கொண்டார். நாற்பத்திரண்டு பேரும் வெறுந்தலையோடு நின்றார்கள். நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி கிளிக் செய்தேன். பாய் கட்டிலில் படுத்து ரத்தம் கொடுப்பதையும் தனியாக எடுத்தேன்.

ஃபிலிம் ரோலைக் கவரில் போட்டுக் கோயமுத்தூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலையில் ஆசிரியர் போன் செய்தார்.

"நல்லா இருக்குய்யா படம். கேம்ப் போட்டது யாரு?"

ஜமாத்து என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் படம் குப்பைக்குப் போகும் என்று பட்டது. போகாமலும் இருந்திருக்கலாம், அதைச் சோதித்துப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. "ஊர்ப் பொதுமக்கள்தான் சார்" என்றேன்.

"பேரு ஏதாச்சும்?"

"பேரெல்லாம் எதுக்குங்க சார்."

அன்று சாயங்காலமே மூன்று காலம் அகலத்தில் வந்தது. "கார்கில் வீரர்களுக்காக சூலூர் பொதுமக்கள் ரத்ததானம்." நான் ஐந்து பிரதி வாங்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். குத்தூஸ் பாய் மிஷினிலிருந்து எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். எழுத்துக்கூட்டுவது போல மெதுவாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு, மீதி இருக்கிறதா என்று பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். சாஜிதா பேகம் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, போய்ப் பட்டன் டப்பாவை மூடினார்.

"போலாமுங்க வாத்தியாரே. மொதலாளி ஊட்டுக்கு நீங்களும் வந்தீங்கன்னா நல்லாயிருக்கும்" என்றார் பாய்.

அரங்கசாமி அண்ணன் எங்களை உள்ளே உட்கார வைத்து டீ கொடுத்தார். கண்ணாடி மாட்டிக்கொண்டு பேப்பரை விளக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். மலிவுத் தாளில் மை அப்பிப் போய் முகமெல்லாம் கறுப்பாக இருந்தது.

"இதுல நீங்க எங்கீங்க பாய்?"

"இதா, படுத்திருக்கறது நானுங்க."

"இதுங்களா? யாரோ நம்ம தறிச் செட்டு ஆளுன்னல்ல நெனச்சேன். ஜமாத்துன்னு ஒரு பேச்சும் போடலியே."

பாய் சட்டைப்பையிலிருந்து ரத்தம் கொடுத்ததற்கான கார்டை எடுத்து நீட்டினார். அதில் பெயர் இருந்தது. அரங்கசாமி அண்ணன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் நம்பறனுங்க பாய். ஊரு கார்டையா படிக்குது? பேப்பரத்தான படிக்குது." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க வாத்தியாரே, அந்த உளவாளி நியூஸ் நீங்க எழுதுனதா, கோயமுத்தூர்ல எழுதுனதா? நீங்க எழுதுனதுன்னா சொல்லுங்க, தப்பா வந்துபோச்சுன்னு நீங்களே நாலு பேருகிட்டச் சொன்னாப் போதும். நான் கடையப் பத்திப் பேசவே மாட்டேன்."

இதைவிட எளிதாக யாரும் ஒரு மனிதனுக்கு வழி விட மாட்டார்கள். நான் எழுதினேன், பொய்யாக எழுதினேன் என்று சொல்லியிருந்தால் குத்தூஸ் பாய் மறுநாள் காலை அதே கடையைத் திறந்திருப்பார். எனக்கு என்ன போயிருக்கும்? காளிச்சாமி பேக்கரியில் நான் நுழைந்ததும் பெஞ்சில் இடம் விடுவார்களே, அது போயிருக்கும். அவ்வளவுதான்.

"நான் இல்லீங்கண்ணா. அது போலீஸ் பக்கமிருந்து நேரா கோயமுத்தூர் ஆபீசுக்கே வந்த நியூஸுங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. வெறும் வதந்தியாக இருந்ததற்கு நான் முத்திரை குத்திவிட்டேன். அரங்கசாமி அண்ணனின் முகம் மாறியது.

"போலீஸ்ல இருந்தே வந்துதுங்களா… அப்ப நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க பாய். தப்பா நெனச்சுக்காதீங்க."

குத்தூஸ் பாய் மீதி டீயை முழுதாகக் குடித்தார். டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, "சரிங்க மொதலாளி" என்று எழுந்தார். வழியில் என் நடைக்கு ஈடுகொடுக்க முடியாமல் காலை இழுத்து இழுத்து வந்தார். நான் மெதுவாக நடக்கவும் இல்லை.

ஆனி கடைசி புதன்கிழமை மினி லாரி வந்தது. மூன்று மிஷின், வெட்டு மேஜை, முகம் பார்க்கும் கண்ணாடி. மதுக்கரையில் ஒரு ரெடிமேட் கடைக்காரரிடம் பீஸ் ரேட்டுக்குத் தைக்கப் போகிறார் என்று காளிச்சாமி சொன்னார். போகாமலே இருந்துவிடலாம் என்று பார்த்தேன். இன்ஸ்டிடியூட் ஜன்னலில் நின்றால் எல்லாம் தெரிந்தது, அதனால் போனேன். சாஜிதா பேகமும் நஸ்ரியாவும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. பாய் பின்னால் நின்று கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க பாய். போட்டோல பேரெல்லாம் எழுதித்தான் குடுத்தேன், ஆபீஸ்ல எடுத்துப்போட்டாங்க" என்றேன். அப்போதும் பொய்தான் வந்தது.

அவர் முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"வாத்தியாரே, அந்தப் பதினொரு வரி நீங்க எழுதுனதுன்னு எனக்கு அன்னைக்குப் பொழுதோடயே தெரியுமுங்க. நீங்க கேட்டுட்டு பூத்துக்குப் போனீங்கன்னு காளிச்சாமி சொல்லிப்போட்டாரு. சூலூருக்கு வேற யாருங்க நிருபரு?"

"தெரிஞ்சுமா பாய் எங்கிட்ட வந்தீங்க?"

"வேற யாருகிட்டங்க போறது? எழுதுனவரே திருத்திப்போட்டாருன்னாச் சரியாயிருமுன்னு ஊட்டுல சொல்லிப்போட்டுத்தான் வந்தேன். தொப்பிய எடுக்கச் சொன்னீங்க, சரி, இவரு என்னமோ வழி பண்றாருன்னு எடுத்தமுங்க. மொதலாளி உங்களக் கேட்டாரு பாருங்க, அப்பச் சொல்லிருவீங்கன்னே இருந்தேன்."

இரண்டு நாள் தாடியோடு, நூல் ஒட்டிய சட்டையோடு, அவர் நின்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு கையால் கட்டையைப் பிடித்து, வீங்கிய காலை முதலில் தூக்கி வைத்து, வண்டியின் பின்னால் ஏறி மிஷின்களுக்கு நடுவே உட்கார்ந்தார்.

"வாரனுங்க வாத்தியாரே" என்றார்.

அரங்கசாமி அண்ணன் பூட்டையும் சாவியையும் கையில் வைத்துக்கொண்டு காலிக் கடை வாசலில் நின்றிருந்தார். கதவு இன்னும் திறந்துதான் இருந்தது. நான்தான் எழுதினேன் என்று அவரிடம் போய்ச் சொல்வதற்கு அப்போதும் நேரம் இருந்தது. லாரி பின்பக்கமாக வந்து திரும்ப இடம் வேண்டியிருந்தது. நான் வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.